வாயுப் பிடிப்பு

வாயுப் பிடிப்பு என்பது முதுகு, விலா, தோள்பட்டை ஆகிய இடங்களில் திடீரெனத் தோன்றும் வலியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். வயிற்றில் உண்டாகும் வாயு முதுகிற்கு ஏறித் தசைகளின் இடையே சிக்கிக்கொள்வதால் இவ்வலி தோன்றுகிறது என்பது பரவலான நம்பிக்கை. நவீன மருத்துவத்தில் இப்பெயரில் தனி நோய் எதுவும் இல்லை. தசைப்பிடிப்பு, இரைப்பைப் புண், பித்தப்பைக் கல், கணைய அழற்சி, மாரடைப்பு எனத் தம்முள் வேறுபட்ட பல நிலைகள் இந்த ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன.

பெயரும் நம்பிக்கையும்

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றைக் கொண்டு விளக்குகிறது. வாதம் என்பதற்குக் காற்று என்று பொருள் இருப்பினும், அது குடலில் உள்ள வளிமத்தை மட்டும் குறிப்பதன்று. அசைவு, உணர்ச்சி, கழிவு நீக்கம் முதலியவற்றை நடத்தும் ஆற்றலையே குறிக்கிறது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் வாத நோய்களை 80 என வகுக்கிறது. பேச்சு வழக்கில் இவ்விரு பொருள்களும் கலந்துவிட்டன.

உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை, கடலைப்பருப்பு ஆகியவை 'வாயுப் பதார்த்தங்கள்' எனப்படுகின்றன. பருப்பு வகைகளைப் பொறுத்தவரை இது சரியே. அவற்றில் உள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளைச் சிதைக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்து ஐதரசன், கரியமில வாயு, சிலரிடம் மீத்தேன் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. ஆனால் இவ்வளிமம் குடலைவிட்டு முதுகுத் தசைக்குள் செல்ல வழியில்லை. குடல் உப்பும்போது அதன் சுவர் இழுபடுவதால் வயிற்றிலும் விலாவின் கீழும் வலி உணரப்படலாம்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் வலி குறைவதை நம்பிக்கைக்குச் சான்றாகக் கூறுவர். வெப்பம் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. வெளியேறியது வாயு அன்று.

வயிற்று நோய் முதுகில் வலிப்பது ஏன்?

உள்ளுறுப்புகளில் இருந்து வரும் நரம்புகளும், தோல், தசை ஆகியவற்றில் இருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் நுழைகின்றன. உள்ளுறுப்பு வலியை உணர்ந்து பழகாத மூளை, அதனைத் தனக்கு நன்கு தெரிந்த தோல், தசைப் பகுதியில் எழுந்ததாகக் கொள்கிறது. ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட் 1893 ஆம் ஆண்டில் இவ்வாறு வலி உணரப்படும் தோல் பகுதிகளை வரைபடமாக்கினார். பித்தப்பையின் வலி வலது தோள்பட்டை எலும்பின் கீழும், கணையத்தின் வலி நடுமுதுகிலும், சிறுநீரகக் கல்லின் வலி இடுப்பிலிருந்து தொடையிடுக்கை நோக்கியும் உணரப்படுவது இதனாலேயே.

கணைய அழற்சி

தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இத்தலைப்பில் தனியே கூறவேண்டியது கணையம். இது வயிற்றின் பின்சுவரை ஒட்டி, முதுகெலும்பின் முன்னே கிடக்கும் உறுப்பு. உணவு உண்டதும் நொதிகளைச் சுரக்கும். கணைய நாளத்தில் கற்கள் அடைத்திருந்தால் நொதி வெளியேறாமல் அழுத்தம் கூடி, மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் வலி மிகும். முன்னோக்கிக் குனிந்து அமர்ந்தால் குறையும். சாப்பிட்டால் வலிக்கும் என்று அஞ்சியே நோயாளிகள் உணவைக் குறைத்து மெலிந்துபோவதும் உண்டு.

மது அருந்தாத இளைஞர்களிடமும் சிறுவர்களிடமும் காணப்படும் இவ்வகை நோய் வெப்பமண்டல நாட்பட்ட கணைய அழற்சி எனப்படுகிறது. 1959 இல் சுய்டெமா இதனை இந்தோனேசியாவில் விவரித்தார். 1960களில் கேரள மருத்துவர் ஜீவர்கீஸ் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளை ஆராய்ந்தார். இதனால் உண்டாகும் நீரிழிவு நோயைப் பற்றிச் சென்னையில் வி. மோகன் தலைமையிலான குழுவினர் பல ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர். மரவள்ளிக்கிழங்கில் உள்ள சயனைடு சேர்மங்களே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. மரவள்ளி உண்ணாதவர்களிடமும் நோய் காணப்பட்டதால் இக்கருத்து வலுவிழந்தது. சேலத்து ஜவ்வரிசியின் மீது பழிபோட இடமில்லை. கணையத்திற்குள்ளேயே டிரிப்சின் நொதி செயல்படுவதைத் தடுக்கும் புரதத்திற்குரிய ஸ்பிங்க்1 மரபணுவில் ஏற்படும் மாற்றம், நோயாளிகள் பலரிடம் காணப்படுவது 2000களில் தெரியவந்தது.

புண்ணும் வலி மாத்திரையும்

முன்சிறுகுடலின் பின்சுவரில் உண்டாகும் புண் ஆழமானால் வலி முதுகில் தெரியும். உண்டபின் சில மணி நேரம் கழித்தும் நள்ளிரவிலும் வலித்து, ஏதேனும் உண்டதும் தணிவது இதன் இயல்பு. பாரி மார்சல், ராபின் வாரன் ஆகியோர் 1982 இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்த பின்னரே இதன் முதன்மைக் காரணம் தெளிவானது. இருவரும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர்.

மற்றொரு காரணம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோசுடாகிளாண்டின் சுரப்பையும் தடுத்துவிடுகின்றன. முதுகு வலிக்காகப் பல நாள் மாத்திரை உண்பவருக்குப் புண் உண்டாகி, அதன் வலியும் முதுகில் தெரிந்தால், அவர் மேலும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்.

மன அழுத்தம்

1936 இல் ஹான்ஸ் செல்யே, கடும் நெருக்கடிக்கு உள்ளான எலிகளின் இரைப்பையில் புண்கள் தோன்றுவதைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் புண்ணுக்கு மனக்கவலையே காரணம் எனக் கருதப்பட்டது. பாக்டீரியாவின் கண்டுபிடிப்பு இக்கருத்தைப் பின்னுக்குத் தள்ளினாலும், மன அழுத்தத்தின் பங்கு முற்றிலும் இல்லாமற்போகவில்லை. அது கழுத்து, முதுகுத் தசைகளை இறுகச் செய்கிறது. குடலின் அசைவை மாற்றுகிறது. வலியை உணரும் அளவையும் கூட்டுகிறது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு முதுகு வலியும் சேர்ந்து காணப்படுவது பொதுவானது.

2000 இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதைத் தொடர்ந்து தென்சென்னையில் கணினிப் பணி பெருகியது. ஆதம்பாக்கம், வேளச்சேரி போன்ற பகுதிகளில் இருந்து அங்கு செல்வோரில் பலருக்கு நெடுநேரம் அமர்தல், நேரம் தவறிய உணவு, இரவுப் பணி ஆகியவை ஒருங்கே வாய்த்தன. இம்மூன்றில் வலிக்குக் காரணம் எதுவெனப் பிரித்தறிவது மருத்துவருக்கும் எளிதன்று.

வேறுபடுத்தி அறிதல்

குனியும்போதும் திரும்பும்போதும் மாறும் வலி பெரும்பாலும் தசை அல்லது முதுகெலும்பைச் சார்ந்தது. அசைவால் மாறாமல் உணவு வேளையைப் பின்பற்றி வரும் வலி உள்ளுறுப்பைச் சார்ந்திருக்கலாம். கறுத்த மலம், காரணமற்ற எடை இழப்பு, மஞ்சள் காமாலை, காய்ச்சல், புதிதாகத் தோன்றிய நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்திருப்பின் விரைவில் பரிசோதனை தேவை. கால்கள் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள்.

இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு மேல்வயிற்று எரிச்சலாகவும், ஏப்பமாகவும், முதுகு வலியாகவும் வெளிப்படக்கூடும். நீரிழிவு நோயாளிகளிடம் நெஞ்சு வலியே இல்லாமலும் போகலாம். வியர்வை, மூச்சிரைப்பு, இடது கையிலோ தாடையிலோ வலி ஆகியவற்றுடன் வரும் 'வாயு'வுக்கு ஓமத் தண்ணீரும் பெருங்காய மோரும் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்தில் அளித்தால்தான் பெரும்பயன் தரும். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 அவசர ஊர்தி இத்தகைய நோயாளிகளைக் கட்டணமின்றி மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்கிறது.