ஆறடியிலிருந்து மூன்றடிக்கு

டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை எங்கள் பக்கத்தில் யாரும் மீட்டர் கணக்கில் கேட்பதில்லை. ஆறடியா, அஞ்சடியா, நாலடியா என்றுதான் பேச்சு. வானகரத்தில் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் வெட்டும் வேலை. பட்டறைக்கு வந்துபோன ரோட்டவேட்டர்களின் அகலத்தை வரிசையாகச் சொன்னாலே, சென்னைக்கு மேற்கே இருந்த கழனிகளுக்கு என்ன ஆனது என்பது விளங்கிவிடும்.

நைனா காலத்தில் இங்கே ஏரித் தண்ணீர்ப் பாசனம். ஏரி நிரம்பிய வருஷம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் உண்டு. மதகு திறந்ததும் கழனியில் தண்ணீர் கட்டி, அண்டை கழித்து, மாட்டைப் பூட்டிச் சேடை ஓட்டி, பரம்படித்து, அதன் பிறகுதான் நடவு. நவரை அறுப்புக்கும் சொர்ணவாரி நாற்றுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச நாளுக்குள் தாள் மக்க வேண்டும், மண் சேறாக வேண்டும். மாட்டுக்கும் மனிதனுக்கும் இடுப்பு ஒடிவது அப்போதுதான். ரோட்டவேட்டர் இந்த மண்ணில் இவ்வளவு சீக்கிரம் வேர் பிடித்ததற்கு நான் சொல்லும் முதல் காரணம் அந்த நெருக்கடி.

கருவி பிறந்தது நெல் வயலில் அல்ல. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கில்கண்ட்ராவில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-ல் தன் அப்பாவின் பண்ணையில் செய்து பார்த்தது. நீராவி டிராக்டர் எஞ்சினிலிருந்து சுழற்சியை எடுத்து மண்ணைக் கிளறினார். மண் பொலபொலவென்று வந்தது, கலப்பை அழுத்துவதுபோல் அடிமண் இறுகவில்லை. ஆனால் கிளறிய மண் பக்கவாட்டில் சிதறி விழுந்தது. அதற்கு அவர் கண்ட தீர்வைத்தான் நான் தினமும் கையில் பிடிக்கிறேன்: எல் வடிவத்தில் வளைந்த பிளேடு. சிறிய விட்டமுள்ள ரோட்டரில் இடைவெளி விட்டுத் தட்டுகளைப் பொருத்தி, அவற்றில் இந்தப் பிளேடுகளை முடுக்கினார். நிமிர்ந்த பகுதி மண்ணைக் கிழிக்கும், மடிந்த பகுதி அடியில் சீவித் தூக்கிப் பின்னால் எறியும். 1920-ல் காப்புரிமை, 1922-ல் கம்பெனி, 1938-ல் இங்கிலாந்து என்று அவர் போய்விட்டார். பிளேடின் வளைவு மட்டும் நூறு வருஷமாகப் பெரிதாக மாறவில்லை.

நம் ஊர்க் கதை சென்னை செம்பியத்தில் தொடங்குகிறது. 1960-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸ்ஸி ஃபெர்குசன் ஒத்துழைப்போடு டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்கியது. இந்தியாவில் உருவான முதல் டிராக்டர் அதற்கு முந்தைய வருஷம்தான் ஃபரிதாபாத் ஐஷர் ஆலையிலிருந்து வெளியே வந்திருந்தது. செம்பியத்துச் சிவப்பு வண்டி பூந்தமல்லி, திருமழிசை, வெள்ளவேடு வரைக்கும் ஓடியது, 35 எச்.பி. சுமாருக்கு இருக்கும். அதன் பின்னால் மூன்று முனையில் கருவியைக் கோத்து ஹைட்ராலிக்கில் தூக்குகிற அமைப்பு ஹாரி ஃபெர்குசன் கொடுத்தது. இன்றைக்கு எந்த ரோட்டவேட்டரும் மாட்டப்படுவது அதில்தான். ஆனால் அன்று யாரிடமும் ரோட்டவேட்டர் கிடையாது. கல்டிவேட்டர் கொத்துதான். சேடைக்குப் பின்சக்கரத்தில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக் கழனிக்குள் இறக்குவார்கள். நல்ல ஓட்டுநர் என்றால் வரப்பு சேதப்படாமல் திருப்புவான். அவனுக்குத் தனி மரியாதை.

சின்னக் கழனிக்கு அப்போது பவர் டில்லர் வந்தது. 1967-ல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்தது. 1973-ல் கேரளத்தின் அத்தாணியில் காம்கோ ஆரம்பமானது. ஜப்பானிய நெல் வயலின் அளவுக்கென்று வடித்த கருவி என்பதால் அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுபோகும்.

டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டர் எங்கள் பக்கம் பரவியது இரண்டாயிரத்துக்குப் பின்தான். ராஜ்கோட்டிலிருந்தும் கர்னாலிலிருந்தும் லாரியில் வந்து இறங்கின. வாங்கியவர்கள் எல்லாம் ஆறடிதான் வாங்கினார்கள். வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு மணிக்கு எவ்வளவு ஏக்கர் முடிகிறது என்பதே கணக்கு. 50 எச்.பி. வண்டியில் ஆறடி மாட்டினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடியும்; மூன்றடியில் அதில் பாதிகூட வராது.

ஆனால் ஆறடிக்கு ஏற்ற கழனி அதற்குள் கரையத் தொடங்கியிருந்தது. பைபாஸ் ரோடு வந்தது, கழனி மனையானது, வாய்க்கால் தூர்ந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் மிஞ்சியதும் துண்டானது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர். ஏக்கரில் இரண்டுக்கும் குறைவு. முப்பது சென்ட்டில் ஆறடி மாட்டிய பெரிய வண்டி திரும்புவதற்கே கால்வாசி நிலம் போய்விடும். மூலையெல்லாம் உழாமல் நிற்கும். மினி டிராக்டர் இங்கே கால் வைத்தது அதனால்தான்: மகிந்திரா யுவராஜ் 15 எச்.பி., வி.எஸ்.டி.யின் 18.5 எச்.பி., குபோட்டாவின் 24 எச்.பி.

அளவுக் குழப்பம் அங்கேதான் ஆரம்பம். ஆறடி ஓட்டிப் பழகியவனுக்கு மூன்றடி கேவலமாகத் தெரியும். “அண்ணே, நாலடியாவது போட்டுக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்பான். “தம்பி, உன் வண்டி இழுக்குறத பாரு” என்று உட்கார வைத்துத்தான் சொல்லுவேன். எஞ்சினில் எழுதியிருக்கும் எச்.பி. முழுவதும் பின்னால் போய்ச் சேராது, கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் முனையில் அதைவிடக் குறைவுதான் கிடைக்கும். ஒவ்வொரு அடிக்கும் இத்தனை எச்.பி.யாவது பி.டி.ஓ.வில் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் களிமண் காய்ந்திருந்தால் அதுவும் போதாது. ஈரம் பதமாக இருக்கும் மணலோட்டமான நிலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் ஓடும். அகலம் கூடிப்போனால் எஞ்சின் இறங்கும், நிமிடத்துக்கு 540 சுற்று வரவேண்டிய பி.டி.ஓ. அதற்குக் கீழே போகும், ரோட்டர் மண்ணை வெட்டாமல் உருட்டும். மேலே பூப்போலத் தெரிந்தாலும் உள்ளே கட்டி கட்டியாக இருக்கும்.

அகலம் குறைந்துபோனாலும் தப்புத்தான். பின்சக்கரம் அழுத்திய தடத்தை ரோட்டர் முழுதாகக் கிளறி மூட வேண்டும். 15 எச்.பி. மினி வண்டியின் மொத்த அகலமே மூன்றடி சுமார், ஆகவே மூன்றடி அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 24 எச்.பி. வண்டியில் சக்கரத்தைக் கொஞ்சம் அகட்டி வைக்கலாம். அதற்கு மூன்றரை அடியை நான் தாராளமாகச் சொல்வேன்; நாலடி கேட்டால் மண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். எடையும் உண்டு. பெரிய ரோட்டவேட்டரை ஹைட்ராலிக் தூக்கிவிடும், ஆனால் வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும். ஸ்டியரிங் கைக்கு வராது. இதைச் சொல்லாமல் எந்தக் கருவியையும் மாட்டி அனுப்ப எனக்கு மனசு வராது.

ஹோவர்ட் மண் இறுகாது என்றுதான் மகிழ்ந்தார். ஆனால் வருஷா வருஷம் அதே நாலைந்து அங்குல ஆழத்தில் ரோட்டவேட்டரையே ஓட்டினால், அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் விழுந்துவிடுகிறது. வேரும் இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் 40 செ.மீ. ஆழம் கீற வேண்டும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அது மினி வண்டியால் ஆகாது. அந்த ஒரு நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்; கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

இப்போது மல்லி போட்டவர்கள் வருகிறார்கள். 1.25 மீட்டருக்கு ஒரு செடி என்று நட்டிருப்பார்கள். நாலடி இடைவெளியில் செடி இரண்டு பக்கமும் விரிந்த பிறகு நடுவே மிஞ்சுவது இரண்டடி. மூன்றடி ரோட்டவேட்டரும் உள்ளே போகாது, மினி டிராக்டரும் போகாது. அவர்களுக்கு நான் ரோட்டவேட்டரே விற்பதில்லை. களையெடுக்கும் சின்னக் கருவியான பவர் வீடரின் ரோட்டரிலிருந்து இரண்டு ஓரத்துப் பிளேடுகளையும் கழற்றிவிட்டு, வேர் அறுபடாத அகலத்துக்குக் குறைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.