முத்துக்கரையும் நெருப்பு மலையும் – 6: கிணற்றில் மிதந்த சாட்சி

1883 மே மாதம் ஜாவா அருகே கிரகடோவா எரிமலை புகையத் தொடங்கியதும், பத்தாவியாவிலிருந்து ஒரு கப்பல் நிறைய ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்பிய கூத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இருநூறு ஆண்டுகள் உறங்கிய மலை அது. அதைக் கண்காணிக்க ஒருவரும் இல்லை.

ஆகஸ்ட் 27, காலை 10 மணி கடந்து சில நிமிடங்கள். வேடிக்கை முடிந்தது. தீவில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போனது. சுந்தா நீரிணையின் இரு கரைகளிலும் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அன்று பிற்பகல், நாகப்பட்டினம். துறைமுகத்துக் கிணறு ஒன்றில் ஒரு மிதவை. அதோடு பிணைத்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளைக் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. கப்பல்கள் தரைதட்டாமல் வர ஓத அட்டவணை வேண்டும் என்று சர்வே துறை வைத்த கருவி, ஓதமானி. எரிமலையை யார் நினைத்தார்கள்? ஆறு மணி நேரம் ஓதம் ஏறும், ஆறு மணி நேரம் வடியும்; அவ்வளவுதான் அதன் வேலை. திடீரென்று கோடு குதித்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறத்தாழ 2 அடி ஆட்டம்! நாடெங்கும் இருந்த ஓதமானிகளின் சுருள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார் சர்வே துறையின் மேஜர் பேர்ட். எல்லா ஊர்க் கோடுகளும் ஜாவாவைக் கை காட்டின. அவருடைய அறிக்கை மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியானது.

இலங்கையில் காலித் துறைமுகத்தில் தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. கிழக்குக் கரையில் பாணமை அருகே ஒரு பெண்ணை அலை கொண்டுபோனது.

நம் தூத்துக்குடி? முத்துச் சலாபம் பங்குனி, சித்திரையில் நடந்து வந்தது. அன்றோ ஆவணி மாதம். முத்துப் பார்களின் மேல் குளியாட்களின் தோணிகள் இல்லை. கிழக்கிலிருந்து வரும் அலையை இலங்கைத் தீவு மறித்து நிற்பதும் இந்தக் கரைக்கு ஒரு காப்பு. 2004 சுனாமியிலும் நாகையைவிட இங்கே சேதம் குறைந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் தூத்துக்குடிக்கு ஓதமானி வந்தது 1888-ல்தான். முத்தின் வருமானத்தை அணா பைசா வரை எழுதி வைத்த அரசு, கடலின் மட்டத்தை எழுத அத்தனை தாமதித்தது என்பது என் மனத்தாங்கல்.

கிரகடோவா இருந்த இடத்தில் மிஞ்சியது கடலடியில் ஒரு பெரும்பள்ளம். சில இடங்களில் 250 மீட்டர் ஆழம். மேலே அமைதியான நீலத் தண்ணீர். மலை செத்துவிட்டது என்று உலகம் நம்பியது. 44 ஆண்டுகள் ஓடின.

1927 டிசம்பர் கடைசி வாரம். அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே கடல் கொதிக்கத் தொடங்கியது. இம்முறை ஜெர்மானிய எரிமலையியலாளர் ஷ்டேன் கருவிகளோடு கிளம்பினார். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது என்ன?

(அடுத்த வாரம்)