செப்பாங் களமும் கைப்பேசித் திரையும்

செய்தி செல்லும் வழி மாறுந்தோறும் மக்கள் மனமும் மாறுகிறது. அச்சு வந்தது; வானொலி வந்தது; தொலைக்காட்சி வந்தது; இன்று சமூக ஊடகம் வந்துளது. இவ்வுண்மையை மோட்டார்ப் பந்தய வரலாற்றில் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பந்தயத்துக்கும் கெடாத் தோட்டத் தமிழருக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும், அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. கைப்பேசி இல்லாத இளைஞர் அதனினும் அரியர். தொடர்பு அதுவே.

முன்னர்ச் சிங்கப்பூர்த் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயங்கள் நடந்தன. 1968இல் சிலாங்கூர் மாநிலத்தில் பத்து தீகா களம் திறக்கப்பெற்றது. அந்நாளில் பந்தயத்தைக் கண்ணாற் கண்டோர் சிலர். செய்தித்தாளிற் படித்தோர் பலர். வென்றவர் பெயர் தெரிந்தது. அவர்மீது வெறுப்போ வெறியோ கொள்ள வழியில்லை. பின்னர்த் தொலைக்காட்சி பரவியது. 1999 அக்டோபர் 17ஆம் நாள் செப்பாங்கில் முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, எட்டி இர்வின் வென்றதை நாடே வீட்டிலிருந்து கண்டது. சுங்கைப்பட்டாணியிலிருந்து செப்பாங் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பயணச் செலவும் நுழைவுச் சீட்டும் சேர்ந்தால் உழைப்பாளி குடும்பத்துக்குத் தாங்கொணாச் சுமை. ஆதலின் நம்மவர்க்குத் திரையே களமாயிற்று.

அப்பந்தயத்தை நெடுங்காலம் ஆண்ட பெர்னி எக்கிள்ஸ்டோன், சமூக ஊடகத்திலும் இளைஞரிடத்தும் தமக்கு நாட்டமில்லை என்று 2014இல் வெளிப்படையாகவே சொன்னார். பணம் படைத்த முதியவரே தமக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. 2017 சனவரியில் லிபர்ட்டி மீடியா நிறுவனம் உரிமையைக் கைக்கொண்டது. அணிகளும் ஓட்டுநரும் களத்துக் காட்சிகளைத் தாமே வெளியிடத் தடை தளர்ந்தது. ஆனால் மலேசியாவுக்கு அம்மாற்றம் பிந்தி வந்தது. 2016 அக்டோபரில், செலவு மிகுதி, பயன் குறைவு, ஆகவே பந்தயத்தைச் சில காலமேனும் நிறுத்தலாம் என்னும் கருத்தை அந்நாள் இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் ட்விட்டரில் எழுதினார். 2017 அக்டோபர் 1ஆம் நாள் நடந்த 19ஆவது பந்தயத்தோடு செப்பாங்கில் பார்முலா ஒன் முடிவுற்றது.

சமூக ஊடகத்தால் நன்மை இல்லையோ எனின், உண்டு. சீட்டு வாங்க இயலாத சிறுவனும் இன்று ஓட்டுநரின் பயிற்சியை, பொறியாளரின் கணக்கை, சக்கரம் மாற்றும் விரைவைக் காண்கிறான். அறிவு செல்வர் வீட்டு வாயிலிலே நின்றுவிடவில்லை. இதனை நாம் வரவேற்கிறோம்.

எனினும் முழுப் பந்தயத்தைத் துண்டாடிக் காட்டுவதில் ஒரு கேடு உளது. 2012 மார்ச் 25ஆம் நாள் செப்பாங்கில் நடந்ததை நோக்குக. கோவைத் தமிழர் நாராயண் கார்த்திகேயன், இந்தியாவிலிருந்து முதன்முதல் பார்முலா ஒன் ஏறியவர். அன்று அவர் ஓட்டிய வண்டி களத்தில் மிக மெதுவானவற்றுள் ஒன்று. பெருமழைக்கேற்ற சக்கரங்களோடு புறப்பட்டமையால், மழையாற் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் 10ஆம் இடத்தில் இருந்தார். பின்னர் உலக வெற்றிவீரர் செபாஸ்டியன் வெட்டலின் வண்டி அவர் வண்டியோடு உராய்ந்து சக்கரம் கிழிந்தது. வெட்டல் சினந்து அவரை முட்டாள் என்னும் பொருள்பட ஏசினார். நடுவர் கார்த்திகேயனுக்கு 20 விநாடித் தண்டம் விதித்தனர். அது நடுவர் கடமை. ஆயின் அதே பந்தயத்தில் அவர்மீது மோதிய ஜென்சன் பட்டன், பிழை தம்முடையதே என ஒப்பினார். இன்று கைப்பேசியில் அந்நாளைத் தேடுவோர் முதலிற் காண்பது வசைமொழியையா, 10ஆம் இடத்தையா? விடை யாவரும் அறிவர்.

மூன்றாண்டு கழிந்து, 2015 அக்டோபர் 25ஆம் நாள், அதே களத்தில் மோட்டார் சைக்கிள் வீரர் வாலன்டினோ ரோஸியும் மார்க் மார்க்கெஸும் மோதினர், மார்க்கெஸ் வீழ்ந்தார். ரோஸிக்கு 3 தண்டப் புள்ளிகள். அதனால் வலென்சியா இறுதிப் பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு 4ஆவதாக வந்தார். பட்டம் லொரென்சோவைச் சேர்ந்தது. தண்டத்தை நீக்குக என இணையத்தில் இலட்சக் கணக்கானோர் கையொப்பமிட்டனர். பகை மூண்டமையால் வலென்சியாவில் வீரர் கூடும் செய்தியாளர் கூட்டமே கைவிடப்பட்டது. 2021இல் அபுதாபியில் வண்டி மோதி நின்றதற்காக, கனடா ஓட்டுநர் நிக்கோலஸ் லத்தீபிக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. அவர் செய்த குற்றம் யாது? தவறியதே!

இதன் காரணம் மறைபொருளன்று. எதைக் கண்டு மக்கள் கொதிப்பரோ அதையே முன்னிறுத்தும் கணக்கு, அந்நிறுவனங்களின் வருவாய்க் கணக்கு. நம் சினம் அவர்தம் முதல். முன்பு கோயில் திருவிழாவில் ஆளை வழிபட்டோம்; இன்று திரையில் வழிபடுகிறோம். வழிபாடு எங்கிருப்பினும் சிந்தனை அங்கு உறங்கும்.

நம் இளைஞர்க்கு இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. செப்பாங்கில் தலைக்கவசமும், மருத்துவரும், மணற்படுகையும் காக்கின்றன. நம் சாலையிற் காப்பது யாது? விருப்பக்குறிகளுக்காக நள்ளிரவில் மோட்டார் சைக்கிளின்மீது படுத்தோட்டிப் படம் பிடிப்போர் இதனை எண்ணுக. 2019இல் மலேசியச் சாலைகளில் மாண்டோர் 6,167 பேர். அவருட் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றோர். படத்தைப் பார்த்தவர் அடுத்த படத்துக்குச் செல்வர், தாயோ செல்லவியலாள்.

1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில் தொண்டர் படை இளைஞர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். அவர் கையில் கைப்பேசி இல்லை. வாய்ச்சொல்லே தோட்டந்தோறும் சென்றது. அவர் பரப்பியது கட்டுப்பாடு. இன்று ஒரு நொடியில் ஆயிரம் பேரை எட்டும் கருவி நம் கையில் உளது. அதனாற் பரப்ப வேண்டியது யாது? பந்தயத்தை முழுதாகப் பாருங்கள், தோற்றவனை ஏசாதீர்கள், பொறியியலைக் கற்றுக்கொள்ளுங்கள், சாலையைக் களமாக்காதீர்கள். கள்ளின் மயக்கத்தை எதிர்த்து நின்றவரின் பேரர், திரையின் மயக்கத்துக்கு அடிமையாதல் தகுமோ? எண்ணிப் பார்ப்போமாக.