ரெக்கார்டிங் சென்டர் முதல் அப்சாம்ப்ளர் வரை

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வீட்டுக்குள் பாட்டைக் கொண்டுவந்தது வானொலி. 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம், 1963-ல் வந்த திருநெல்வேலி நிலையம், இவற்றோடு இலங்கை வானொலி. மத்திய அலையில் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்சுக்கு மேலான ஒலி வந்து சேராது. ஜால்ராவின் சிலிர்ப்பு பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தவிலின் அடியொலியும் காணாமல் போனது. இரண்டு தலைமுறை தமிழர்கள் தங்கள் பாடல்களைப் பாதி மட்டுமே கேட்டு மனப்பாடம் செய்தார்கள் என்றால் மிகையல்ல.

எழுபதுகளின் இறுதியில் தமிழ்த் திரைப்பாடலுக்கு ஸ்டீரியோ வந்தது. 1978-ல் வெளியான ‘ப்ரியா’ படம் இவ்வகையில் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு இசையமைத்த இளையராஜா, இவ்வட்டாரத்தை ஒட்டிய மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் உள்ள பண்ணைப்புரத்துக்காரர். ஆனால் இசைத்தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் வசதியுள்ள வீடுகளோடு நின்றன.

ஊரெங்கும் பரவியது கேசட். தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் எண்பதுகளில் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியலையும் 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அந்தக் கேசட்டிலிருந்து நண்பர் ஒருவர் இன்னொன்று எடுப்பார். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கூடியது, உச்ச ஒலி மங்கியது.

1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி இந்த இரைச்சலை ஒழித்தது. அதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு 16 பிட் எண்களாகப் பதிகிறது. 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் மனிதக் காதுக்கு இது போதும். சிக்கல் திரும்ப ஒலியாக்கும்போதுதான்: 22.05 கிலோஹெர்ட்சுக்கு மேல் போலி அலைகள் தோன்றும், அவற்றை வெட்ட மிகச் செங்குத்தான வடிகட்டி வேண்டும். அத்தகைய வடிகட்டி கேட்கும் ஒலியையும் சற்றே குலைக்கும். பிலிப்ஸ் தன் முதல் கருவியிலேயே வழி கண்டது. அளவுகளுக்கு இடையே கணக்கிட்ட புதிய அளவுகளைச் செருகி, வேகத்தை நான்கு மடங்காக, 176.4 கிலோஹெர்ட்சாக உயர்த்தியது. போலி அலைகள் தொலைவுக்குத் தள்ளப்பட்டன, மென்மையான வடிகட்டியே போதுமானது. நான்கு மடங்கு வேகமும், இரைச்சலைக் கேட்கும் எல்லைக்கு வெளியே தள்ளும் நுட்பமும் சேர்ந்ததால்தான் வெறும் 14 பிட் சில்லை வைத்துக்கொண்டு 16 பிட் தரத்தை எட்ட முடிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிரிட்டனின் டிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைத் தனிப் பெட்டியாக்கி, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்றன. அப்சாம்ப்ளர் என்ற பெயர் ஹைஃபை உலகில் பரவியது அப்போதுதான். 2018-ல் கார்ட் நிறுவனம் வெளியிட்ட எம் ஸ்கேலர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களால் ஆன வடிகட்டியைக் கொண்டு சிடி ஒலியை 705.6 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்த்துகிறது. விலை லட்சங்களில். சாதாரணக் கருவிகளுக்குள்ளும் இதே கணக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் சிடி வேரூன்றும் முன்பே, 150 பாட்டு அடங்கிய எம்பி3 தட்டு வந்துவிட்டது. 128 கிலோபிட் சுருக்கத்தில் 16 கிலோஹெர்ட்சுக்கு மேலுள்ளது பொதுவாகக் கழிக்கப்படும். இதற்குச் சோனியின் டிஎஸ்இஇ போன்ற நுட்பங்கள், இருக்கும் ஒலியைப் பார்த்து இழந்ததை ஊகித்து நிரப்புகின்றன. அப்சாம்ப்ளர் இடைவெளியைக் கணக்கிடுகிறது, டிஎஸ்இஇ இல்லாததை ஊகிக்கிறது. இரண்டும் வேறு வேலை.

மூன்றாம் நகல் கேசட்டிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய பாட்டை இரண்டில் எதாலும் காப்பாற்ற முடியாது. மூல நாடாவிலிருந்து நேராக எடுத்த சிடியும் நல்ல ஸ்பீக்கரும் அமைந்த பிறகுதான் அப்சாம்ப்ளருக்குச் செலவிடுவதில் அர்த்தம் உண்டு.