கடவுச்சீட்டா, பூர்வீகமா? இந்திய அணிக்கு ஆடும் தகுதியின் வரலாறு

இந்திய அணிக்கு ஆடுபவர் இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருந்தே ஆக வேண்டும் என்ற கண்டிப்பு அவ்வளவு பழையதல்ல. 2008 இறுதியில்தான் மத்திய விளையாட்டு அமைச்சகம் அதை எல்லா விளையாட்டுக்கும் பொதுவான கொள்கையாக வகுத்தது. அதற்கு முன்பு, பூர்வீகம் இந்தியாவாக இருந்தால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் சில விளையாட்டுகளில் நாட்டுக்காகக் களம் இறங்க முடிந்தது. அப்படி இறங்கியவர்களில் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் டென்னிஸ் வீரர் பிரகாஷ் அமிர்தராஜ்.

சென்னை அமிர்தராஜ் குடும்பத்துக்கும் டேவிஸ் கோப்பைக்கும் உள்ள உறவு ஒரு தலைமுறையோடு முடிந்ததல்ல. அண்ணன் தம்பிகளான ஆனந்தும் விஜய்யும் ஆடிய 1974-ஆம் ஆண்டு அணி இறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால், நிறவெறி ஆட்சியை எதிர்த்து, ஆடாமலேயே கோப்பையை விட்டுக்கொடுத்தது இந்தியா. 1987-இல் மீண்டும் இறுதிச் சுற்றுக்குப் போய் ஸ்வீடனிடம் தோற்றது. விஜய்யின் மகன் பிரகாஷ் 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். அமெரிக்கக் குடியுரிமை கொண்டிருந்த அவர், 2003 முதல் அப்பாவும் பெரியப்பாவும் ஆடிய அதே டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். 2008-இல் நியூபோர்ட் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய கொள்கை வந்து அவருடைய டேவிஸ் கோப்பை வாழ்க்கையை நிறுத்தியது. டென்னிஸ் வீராங்கனைகளான சுனிதா ராவ், ஷிகா உபராய் ஆகிய இருவருக்கும் இதே கதி. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவுடன் இரட்டையர் ஆட்டம் ஆடிய சுனிதா, சில மாதங்களிலேயே இந்திய அணிக்குத் தகுதியற்றவரானார். இந்தியாவுக்காக ஆடுவது என்று எடுத்த முடிவை நம்பி உழைத்தவர்களுக்கு இது பெரிய அடி. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொள்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தக் கண்டிப்பின் வேர் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. பின்னாளில் வந்த வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை, பெயரில்தான் குடியுரிமை. அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். ஓட்டுப் போட முடியாது, இந்திய அணியில் ஆடவும் முடியாது.

இதற்கு நேர் எதிரான திசையில் போன விளையாட்டு ரக்பி லீக். அதில் பிறந்த நாடு மட்டுமல்ல, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாடும் தகுதி தரும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாழும் பசிபிக் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது வாசலைத் திறந்தது. ஆக்லாந்தில் பிறந்து நியூசிலாந்துக்காகவும் ஆடியிருந்த ஜேசன் டாமலோலோ, 2017 உலகக் கோப்பைக்குத் தன் குடும்பத்தின் பூர்வீகமான டோங்காவைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவும் அதையே செய்தார். அந்த டோங்கா, ஹாமில்டன் நகரில் நியூசிலாந்தையே 28-22 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் வெறும் இரண்டு புள்ளியில் தோற்றது. சிறிய தீவு நாட்டின் சர்வதேச மதிப்பை ஒரே தொடரில் உயர்த்தியது பூர்வீக விதிதான்.

தமிழ் பேசும் உலகத்திலேயே இரண்டு மாற்று வழிகள் இருக்கின்றன. 1987 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் இலங்கை, பெர்லினில் பிறந்த வசீம் ராசிக், லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா போன்றோரைத் தன் கால்பந்து அணியில் சேர்த்துக்கொண்டது. ஃபிஃபாவுக்கு வெளியே, புலம்பெயர்ந்த ஈழத்தமிழ் இளைஞர்களின் தமிழீழ அணி 2012 முதல் ஆடுகிறது. 2014-இல் ஸ்வீடனிலும் 2018-இல் லண்டனிலும் நடந்த, ஃபிஃபாவில் சேராத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கோப்பைகளில் கலந்துகொண்டது. அந்த அணியில் சேரக் கடவுச்சீட்டு ஒரு பொருட்டே அல்ல, பூர்வீகம் போதும்.

இந்தியாவுக்குள் இதே கேள்வி வெகு எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானபின் எழுந்த நெய்வேலி நகரியத்தில் பல மாநிலத்தவர் வந்து குடியேறினார்கள். அங்கே பிறந்து, அங்குள்ள வட்டங்களின் மைதானங்களில் பழகிய மலையாளக் குடும்பத்துப் பிள்ளை தமிழ்நாட்டு அணிக்கு ஆட வந்தால், பூர்வீக ஊர் எது என்று எவரும் கேட்பதில்லை. மாநில அணிக்குப் பிறப்பும் வசிப்பிடமும் வேலையுமே பொதுவாகக் கணக்கு. ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் மாநிலமே இல்லாத தனி அணிகள் உண்டு.

பூர்வீக விதிக்கு ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற மலேசியக் கால்பந்து அணியில், தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று சொல்லிச் சேர்க்கப்பட்ட வெளிநாட்டில் பிறந்த வீரர்கள் இருந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஏழு பேரின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று செப்டம்பரில் ஃபிஃபா முடிவு செய்து, அவர்களைத் தடை செய்தது; மலேசியக் கால்பந்து சங்கத்துக்கு அபராதமும் விதித்தது. பிறப்புச் சான்றிதழை மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆளிருந்தால் தடுத்திருக்கக்கூடிய மோசடி இது. இதைக் காட்டிப் பூர்வீகத்தையே மறுப்பது நியாயமாகாது.

இந்தியாவுக்கு ஆட விரும்பும் வம்சாவளியினருக்கு இன்று இருக்கும் ஒரே வழி, இன்னொரு நாட்டை முழுவதுமாக விட்டுவிடுவது. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை ஐந்து ஆண்டுகள் கையில் இருந்து, அதோடு விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு இந்தியாவில் வசித்திருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்கிறது சட்டம். விளையாட்டு வீரரின் உச்ச காலமே பத்து ஆண்டு என்னும்போது அது நீண்ட காத்திருப்பு. ஜப்பானியத் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் ஜப்பானின் ஷிமோனோசெகியில் பிறந்த கால்பந்து வீரர் அரடா இசுமி, 2006-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வந்தார். பிறகு மஹிந்திரா யுனைடெட், புனே எஃப்சி. அப்பாவின் நாட்டில் வெளிநாட்டு வீரர் என்ற கணக்கிலேயே ஆடிக்கொண்டிருந்தவர், ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார். 2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்திய அணியில் முதன்முதலாக இறங்கியபோது அவருக்கு வயது முப்பது.

அடுத்து அதே வழியில் வந்தவர் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ். அவருடைய தாய் மும்பை ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தவர். தாய்வழித் தாத்தா சந்தோஷ் கோப்பையில் பம்பாய்க்காக ஆடியவர். ஆஸ்திரேலியாவுக்காக நட்பு ஆட்டத்தில் ஆடியிருந்த ரயன், பெங்களூரு எஃப்சியில் ஆடிவந்த காலத்தில் ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட்டு, 2025 நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றார்.