ஒரே ரிப்போர்ட், நாலு பதில்... பல அடுக்கு ஃபில்டர் அமைப்பது எப்படி? எங்கே தப்பு நடக்கிறது? முழு விளக்கம்

பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்தது கவரைப்பேட்டை, அதற்கடுத்தது கும்மிடிப்பூண்டி. இந்த வழியில் சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில், குவாலிட்டி, ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், ஹெச்.ஆர். பிரிவுகளில் இருப்பவர்களுக்கு காலையில் முதல் வேலையே கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் திறப்பதுதான்.

மீட்டிங்கில் மேனேஜர், "போன மாசம் ரிஜெக்‌ஷன் எவ்வளவு?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 12 சதவீதம் என்கிறார். பக்கத்தில் இருப்பவர் 1.8 சதவீதம் என்கிறார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ரிப்போர்ட். யாரும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி?

காரணம், ஃபில்டர். தமிழில் வடிகட்டி. அது எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சரியாக அமைப்பது என்று பார்க்கலாம்.

பல அடுக்கு ஃபில்டர் என்றால் என்ன?

பெயர்தான் புதுசு. விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பட்டா பார்த்திருப்பீர்கள். முதலில் மாவட்டம்: திருவள்ளூர். அதைத் தேர்வு செய்ததும் அந்த மாவட்டத்தின் வட்டங்கள் மட்டும் வரும். அதில் பொன்னேரியைத் தொட்டால் பொன்னேரி வட்டத்தின் கிராமங்கள் மட்டும் வரும். பிறகு சர்வே எண், உட்பிரிவு. மேலே தேர்வு செய்ததைப் பொறுத்து கீழே உள்ள பட்டியல் சுருங்கிக்கொண்டே போகும். இதுதான் பல அடுக்கு ஃபில்டர்.

தொழிற்சாலை ரிப்போர்ட்டிலும் அதே கதைதான். பிளான்ட், லைன், ஷிப்ட், மெஷின் என்று இறங்கும். விற்பனை ரிப்போர்ட் என்றால் மாநிலம், மாவட்டம், டீலர், பொருள்.

'அடுக்கு' என்றால் ஒன்றல்ல, இரண்டு!

பலரும் குழம்பும் இடம் இதுதான். முதல் வகை, தகவலின் அடுக்கு. மேலே சொன்ன மாவட்டம், வட்டம், கிராமம் மாதிரி.

இரண்டாவது வகை, ஃபில்டர் எந்த எல்லை வரை செல்லும் என்பது. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐயில் இது மூன்றாகப் பிரிகிறது. 'ஃபில்டர்ஸ் ஆன் திஸ் விஷுவல்' என்பதில் போட்டால் அந்த ஒரு சார்ட்டுக்கு மட்டும். 'ஃபில்டர்ஸ் ஆன் திஸ் பேஜ்' என்றால் அந்தப் பக்கம் முழுக்க. 'ஃபில்டர்ஸ் ஆன் ஆல் பேஜஸ்' என்றால் ரிப்போர்ட் முழுக்க.

மூன்று இடத்திலும் ஃபில்டர் இருந்தால்? மூன்றுமே சேர்ந்து வேலை செய்யும். ரிப்போர்ட் முழுக்க 'ஏப்ரல்', பக்கத்துக்கு 'லைன் 2', சார்ட்டுக்கு 'இரவு ஷிப்ட்' என்று இருந்தால், ஏப்ரலில் லைன் 2-ல் இரவு ஷிப்டில் நடந்தது மட்டும்தான் அந்த சார்ட்டில் தெரியும். பக்கத்து சார்ட்டில் பகலும் இரவும் சேர்ந்து தெரியும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பவர் பிஐயில் அமைப்பது எப்படி?

1. ரிப்போர்ட் பக்கத்தில் 'ஸ்லைசர்' ஒன்றைச் சேர்க்கவும்.

2. அதில் பெரிய அடுக்கை முதலில் போடவும். பிறகு அதன் கீழே அடுத்த அடுக்கை வரிசையாக இழுத்துப் போடவும். பிளான்ட், லைன், ஷிப்ட் என்ற வரிசை மாறக்கூடாது. இப்போது அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே உள்ள அடுக்கு விரியும்.

3. ஒரே ஸ்லைசர் வேண்டாம், தனித்தனியாக வேண்டும் என்றாலும் போடலாம். மாவட்டத்தைத் தேர்வு செய்தால் வட்டத்தின் பட்டியல் தானாகச் சுருங்கும். இரண்டும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும், அல்லது அட்டவணைகளுக்கு இடையே சரியான தொடர்பு கொடுத்திருக்க வேண்டும்.

4. ஒரு பக்கத்தில் தேர்வு செய்தது மற்ற பக்கங்களுக்கும் போக வேண்டுமா? 'வியூ' மெனுவில் 'சிங்க் ஸ்லைசர்ஸ்' இருக்கிறது.

5. யாரும் கை வைக்கக் கூடாத ஃபில்டர் என்றால், ஃபில்டர் பகுதியில் பூட்டுப் படத்தை அழுத்தி லாக் செய்யலாம்.

எக்செல் மட்டும்தான் இருக்கிறது என்றால்?

கவலை வேண்டாம். எக்செல் 2010-லேயே பிவட் டேபிளுக்கு ஸ்லைசர் வந்துவிட்டது. 2013 முதல் சாதாரண டேபிளுக்கும் போடலாம். ஒரே தரவிலிருந்து உருவாக்கிய பல பிவட் டேபிள்களை ஒரே ஸ்லைசரில் இணைக்க 'ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ்' உதவும். ஸ்லைசர் செட்டிங்ஸில், தகவல் இல்லாத பெயர்களை மறைக்கும் வசதியை 'டிக்' செய்தால் பட்டா தளம் மாதிரி பட்டியல் சுருங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாலு பிவட்டில் மூன்றை மட்டும் இணைத்துவிட்டு ஒன்றை மறந்துவிட்டால், அந்த ஒன்று மட்டும் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

எண்கள் எப்படி மாறுகின்றன? ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பிளான்ட், இரண்டு லைன், ஒரு மாதம்.

லைன் 1: தயாரித்தது 8,000. ரிஜெக்ட் ஆனது 80. அதாவது 1 சதவீதம்.

லைன் 2: தயாரித்தது 2,000. ரிஜெக்ட் ஆனது 100. அதாவது 5 சதவீதம். இதில் இரவு ஷிப்ட் மட்டும் 500 பீஸ். ரிஜெக்ட் 60. அதாவது 12 சதவீதம்.

ஷிப்ட் ஃபில்டரை எடுக்க மறந்தவர் "லைன் 2-ல் 12 சதவீதம்" என்பார். எடுத்துவிட்டுப் பார்த்தவர் 5 என்பார். இரண்டு லைனின் சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தவர் 3 என்பார். மொத்த ரிஜெக்ட் 180-ஐ மொத்தத் தயாரிப்பு 10,000-ஆல் வகுத்தவர் 1.8 என்பார்.

இதில் பிளான்ட்டின் ரிஜெக்‌ஷன் 1.8 சதவீதம்தான். 3 என்பது தவறான முறை. 2,000 பீஸுக்கும் 8,000 பீஸுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறது. ரிப்போர்ட்டில் சதவீதத்தின் சராசரியைப் போடாமல், மொத்தத்தை மொத்தத்தால் வகுக்கும் ஃபார்முலா போட வேண்டும். அப்போதுதான் எந்த அடுக்கில் ஃபில்டர் செய்தாலும் சரியான எண் வரும்.

12 சதவீதம் பொய்யில்லை. ஆனால் அது இரவு ஷிப்டின் 500 பீஸுக்கான எண். அதையே லைன் 2 முழுவதற்கும் சொன்னால், பகலில் 1,500 பீஸில் 40 மட்டும் ரிஜெக்ட் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து மெமோ போகும். கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் இது வேலையே போகிற விஷயம்.

'திருவள்ளூர்' என்று ஃபில்டர் செய்தால் என்ன ஆகும்?

முதல் பிரச்சனை, பெயர். ஆங்கிலத்தில் திருவள்ளூரை 'டி' போட்டும் எழுதுகிறார்கள், 'டி-எச்' போட்டும் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். ஒன்றை மட்டும் 'டிக்' செய்தால் மற்றதில் உள்ள டீலர்கள் காணாமல் போவார்கள். தீர்வு, பெயருக்குப் பதில் எண் வைத்து ஃபில்டர் செய்வது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 33, திருவள்ளூர் மாவட்டத்துக்கு 602 என்ற எண் இருக்கிறது. ஊர் அளவில் என்றால் பின்கோடு கைகொடுக்கும். பொன்னேரி 601204, கும்மிடிப்பூண்டி 601201, மீஞ்சூர் 601203.

இரண்டாவது பிரச்சனை, எல்லை. 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டது. 178 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. திருவள்ளூரில் இருந்த அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் பகுதிகள் சென்னைக்குப் போயின. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதோடு போனது. 2015 முதல் 2020 வரை 'திருவள்ளூர்' என்று மட்டும் ஃபில்டர் போட்டு வரைபடம் பார்த்தால், ஒரு கம்பெனியும் மூடாமலேயே நடுவில் பெரிய சரிவு தெரியலாம். பொன்னேரியும் 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. 'பேரூராட்சி' என்று ஃபில்டர் செய்யும் பழைய ரிப்போர்ட்டில் பொன்னேரி வராது. ஆண்டுகளை ஒப்பிடும்போது வட்டம் வரை இறங்கி, இன்றைய எல்லைப்படி எல்லா ஆண்டையும் சேர்ப்பதே சரி.

'டாப் 10' போட்டால் இரண்டுதான் வருகிறதே, ஏன்?

டேப்லோ பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'டாப் 10 டீலர்' என்று ஒரு ஃபில்டர், 'பொன்னேரி' என்று இன்னொரு ஃபில்டர். டேப்லோ முதலில் மொத்தத் தரவிலும் டாப் 10-ஐ எடுக்கும். பிறகுதான் பொன்னேரியைத் தேடும். அந்தப் பத்தில் இரண்டு பேர் பொன்னேரிக்காரர்கள் என்றால் இரண்டுதான் தெரியும். பொன்னேரி ஃபில்டரில் 'ஆட் டு கான்டெக்ஸ்ட்' கொடுத்தால் வரிசை மாறும். முதலில் பொன்னேரி, பிறகு அதற்குள் டாப் 10.

ரிப்போர்ட் காலியாக இருக்கிறதே?

தரவு அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வட்டத்தில் 'பொன்னேரி' இருக்கும்போது மாவட்டத்தைச் 'சென்னை' என்று மாற்றியிருப்பீர்கள். சென்னையில் பொன்னேரி வட்டம் இல்லை. அதனால் ஒன்றும் வராது. கீழ் அடுக்கை முதலில் நீக்கிவிட்டு மேல் அடுக்கை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. இணையத்தில் பவர் பிஐ ரிப்போர்ட்டை மூடிவிட்டு மறுநாள் திறந்தால், நீங்கள் கடைசியாகப் போட்ட ஃபில்டர் அப்படியே இருக்கும். பக்கத்து சீட்காரருக்கு அவர் போட்டது இருக்கும். ஆரம்பத்தில் சொன்ன 12-ம் 1.8-ம் இப்படித்தான் வரும். 'ரீசெட்' அழுத்தினால் ரிப்போர்ட்டை உருவாக்கியவர் வைத்த நிலைக்குத் திரும்பும்.

ஃபில்டர் போட்டு மறைத்தால் பாதுகாப்பா?

இல்லை. சம்பளம், பி.எஃப்., வருகைப் பதிவு போன்ற தகவல்களை ஃபில்டர் போட்டு மறைத்துவிட்டு ரிப்போர்ட்டை எல்லோருக்கும் அனுப்புவது ஆபத்து. ஃபில்டர் பார்வையைத்தான் மறைக்கும். தகவல் உள்ளேயேதான் இருக்கும். எக்செல் ஃபைல் என்றால் ஸ்லைசரில் உள்ள ஃபில்டரை நீக்கினாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

இதற்கு பவர் பிஐயில் 'ரோ லெவல் செக்யூரிட்டி' என்ற தனி வசதி உண்டு. 'மேனேஜ் ரோல்ஸ்' மூலம் யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கலாம். 'வியூ ஆஸ்' கொடுத்துச் சோதித்தும் பார்க்கலாம். ஆனால் ஒர்க்ஸ்பேஸில் 'வியூவர்' அனுமதி உள்ளவர்களை மட்டுமே இது கட்டுப்படுத்தும். எடிட் செய்யும் அனுமதி உள்ளவர் எல்லாவற்றையும் பார்ப்பார்.

அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

* எந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்பதை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள். 'ஏப்ரல், லைன் 2, இரவு ஷிப்ட்' என்று இருந்தால் சண்டையே வராது.

* எல்லா ஃபில்டரையும் எடுத்துவிட்டு வரும் மொத்தமும், மூல ரெஜிஸ்டரில் உள்ள மொத்தமும் ஒன்றா என்று பாருங்கள்.

* ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஃபில்டர் பகுதியும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

* யாராவது ஒரு சதவீதம் சொன்னால், "எத்தனை பீஸில்?" என்று கேளுங்கள். 500-லா, 10,000-லா என்று தெரிந்த பிறகு மெமோ பற்றிப் பேசலாம்.