கவசம் போட்டவரும் கவசம் செய்தவரும்

கவசம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கந்த சஷ்டி கவசம்தான். இரும்புக் கவசமெல்லாம் சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திங்கள் முதல் வெள்ளி வரை பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு வந்தால் இருபது கிலோ இரும்பை மாட்டிக்கொண்டு வாளும் கேடயமுமாக மைதானத்தில் இறங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பது. ரீஎனாக்ட்மெண்ட் என்று பெயர். நாம் போர் மறுநடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? அவர்கள் போடும் கவசத்திலும் பிடிக்கும் வாளிலும் நல்ல பங்கு, நான் பிழைக்க வந்து குடியிருக்கும் டேராடூனிலும், இங்கிருந்து டெல்லி போகும் வழியில் இருக்கும் மீரட்டிலும் செய்யப்படுகிறது. அதனால்தான் இதைப்பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

குடை பிடித்த ராஜா

இந்தப் பைத்தியம் (பாசமாகத்தான் சொல்கிறேன்) புதியதல்ல. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் 1819 கடைசியில் வந்தபிறகு பிரிட்டனில் மத்தியகால வீரர்கள் மேல் பெரிய மோகம் பிறந்தது. அந்த மோகத்தின் உச்சம் 1839 ஆகஸ்ட் மாதம் ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் பிரபு நடத்திய குதிரை ஈட்டிப் போட்டி. பிரபுக்கள் கவசம் பூட்டிக் குதிரையில் வர, பார்க்க ஒரு லட்சம் பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். கவசங்களை ஏற்பாடு செய்து கொடுத்தவர் சாமுவேல் பிராட் என்ற லண்டன் வியாபாரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வானத்தைத் தவிர. முதல் நாளே கொட்டித் தீர்த்துவிட்டது மழை. போட்டியின் 'ராஜா'வாக வந்த லண்டன்டெரி பிரபு குடை பிடித்துக்கொண்டதை அன்றைய பத்திரிகைகள் வைத்துக் கும்மியடித்துவிட்டன.

அது பணக்காரர்களின் விளையாட்டு. சாதாரண ஜனங்கள் உள்ளே வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. 1966 மே 1ஆம் தேதி கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் சில நண்பர்கள் மத்தியகால உடையில் ஒரு பார்ட்டி வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்', சுருக்கமாக எஸ்.சி.ஏ.

எஸ்.சி.ஏ. சண்டையில் வாள் எதனால் செய்தது தெரியுமா? பிரம்பு! நம் வாத்தியார் கையில் இருந்த அதே சாதிதான், தடிமன் மட்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது. காரணம் எளிது. மரம் முறிந்தால் கூராகச் சிம்பு கிளம்பும், கண்ணில் குத்தும். பிரம்பு அப்படி முறியாது, நார் நாராகப் பிரியும். தலைக்கவசம் மட்டும் அசல் எஃகு, ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் கனம். முகக் கம்பிகளுக்கு நடுவே ஒரு அங்குலக் குச்சி நுழையக்கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விதி. அடி சரியாக விழுந்ததா, அது உயிர் போகிற அடியா என்பதை நடுவர் சொல்லமாட்டார். அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். "நான் செத்தேன்" என்று அவரே ஒப்புக்கொண்டு விழுவார். நம் பிள்ளைகளின் தெருக் கிரிக்கெட்டுக்கு இந்த விதி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆட்டமே முடியாது.

ஐரோப்பாவில் மழுங்கிய எஃகு வாளே புழக்கத்தில் இருக்கிறது. போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து டியூட்டானிக் வீரர்களை 1410 ஜூலை 15 அன்று தோற்கடித்த குருன்வால்டு போரை, அதே களத்தில் 1998 முதல் ஜூலை மாதங்களில் நடத்திக் காட்டுகிறார்கள். இன்னும் முரட்டு வகையும் உண்டு. 2010இல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் 'பேட்டில் ஆஃப் த நேஷன்ஸ்' என்ற போட்டி முதன்முதலாக நடந்தது. அதில் நடிப்பே கிடையாது, நிஜ அடி. கீழே விழுந்தவர் ஆட்டத்திலிருந்து அவுட்.

இருபத்தைந்தாயிரம் வளையம்

சரி, செய்முறைக்கு வருவோம். சங்கிலிக் கவசம் என்கிறோமே, அது உண்மையில் சங்கிலி இல்லை. வலை. ஒவ்வொரு வளையமும் பக்கத்திலிருக்கும் நான்கு வளையங்களைக் கோர்த்துப் பிடித்திருக்கும்.

முதலில் இரும்புக் கம்பியை ஒரு தண்டின்மேல் ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுற்றுவார்கள். பிறகு நீளவாக்கில் வெட்டினால் தனித்தனி வளையங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, தட்டி, தட்டையாக்கி, அதில் ஊசித்துளை போடுவார்கள். அப்புறம் நான்கு வளையங்களுக்குள் நுழைத்து மூடி, துளையில் குண்டூசித் தலை அளவு ரிவிட் வைத்து நசுக்குவார்கள். ஒரு வளையம் முடிந்தது!

ஒரு சட்டைக்கு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் வளையம் வரை வேண்டும். நடுவாக இருபத்தைந்தாயிரம் என்று வைத்து, ஒரு வளையத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். 416 மணி நேரம் வரும். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 52 நாள். ஒரே ஒரு சட்டைக்கு!

ரிவிட் இல்லாமல் முனைகளைச் சும்மா சேர்த்து வைத்தும் பின்னலாம். புதிதாக வருகிறவர்கள் வேலிக் கம்பியும் இரண்டு குறடும் வாங்கிக்கொண்டு வீட்டு ஹாலில் உட்கார்ந்து பின்னுவது அப்படித்தான். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கூரான முனை ஓங்கிக் குத்தினால் வளையம் வாய் பிளந்துவிடும். அந்தக் குண்டூசித் தலை ரிவிட் உயிர் காக்கிற சமாச்சாரம்.

வளையச் சட்டை வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. தோல் கிழியாது, எலும்பு உடையும். அதனால் உள்ளே பல மடிப்புத் துணியோ பஞ்சோ வைத்துத் தைத்த கனத்த மெத்தைச் சட்டை அவசியம். இன்னொன்று, பத்து கிலோவும் தோளில்தான் தொங்கும். இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். பழைய ஓவியங்களில் அந்த பெல்ட்டைப் பார்க்கிறவர் அலங்காரம் என்று நினைக்கலாம். ஒரு தடவை போட்டுப் பார்த்தவர் நினைக்கமாட்டார்.

வாள் விஷயம் நமக்குப் பரிச்சயமானது. மறுநடிப்பு வாளின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டராவது தடிமனாக, மொட்டையாக இருக்கும். முனை உருண்டை. ஆனால் வாளோடு வாள் மோதும்போது உடையவும் கூடாது, வளைந்தால் திரும்பி நேராகவும் வேண்டும். அதற்கு ஸ்பிரிங் ஸ்டீல். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். நம்மூரில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அருவாள் அடிக்கிறார்களே, ஏன் அந்தப் பட்டையைத் தேடிப் போகிறார்கள் என்றால் இதே குணத்துக்காகத்தான்.

போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

கவசம் போட்ட வீரனைக் கிரேன் வைத்துத் தூக்கிக் குதிரையில் உட்கார வைப்பார்கள் என்று ஒரு கதை உண்டு. 1944இல் வந்த லாரன்ஸ் ஒலிவியேவின் 'ஐந்தாம் ஹென்றி' படத்திலும் அப்படி ஒரு காட்சி வரும். சுத்தப் புருடா. பதினைந்தாம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அதுவும் உடம்பு முழுக்கப் பிரித்துக் கட்டியது. அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், குதிரை ஏறலாம், விழுந்து எழலாம். ஒரு கையால் வீசும் வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அப்படியானால் பாரமே இல்லையா? அதையும் சோதித்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் சண்டை செய்து காட்டும் ஆட்களுக்கு நகல் கவசங்களைப் பூட்டி, ட்ரெட்மில்லில் நடக்க விட்டு, மூச்சை அளந்தார் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அஸ்க்யூ. 2011இல் முடிவு வெளிவந்தது. கவசத்தோடு நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காரணம் கால். ஒவ்வொரு எட்டுக்கும் கால் தன் கவசத்தையும் சேர்த்து வீச வேண்டும். நெஞ்சுத் தகட்டுக்குள் ஆழமாக மூச்சு வாங்கவும் முடியாது. 1415இல் அஜின்கோர்ட்டின் சேற்று வயலில் பிரெஞ்சு வீரர்கள் ஆங்கிலேயர் வரிசையை எட்டும்போதே ஏன் ஓய்ந்து போயிருப்பார்கள் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போக முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி என்ற ஊர். 1361 ஜூலையில் டென்மார்க் மன்னர் வால்டெமாரின் படையை ஊர் மதிலுக்கு வெளியே எதிர்த்து நின்றவர்கள் தீவின் விவசாயிகள். மொத்தமாக வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். வெயில் காலம் என்பதால் உடல்களைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் குழியில் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவர்களில் பிள்ளைகளும் கிழவர்களும் ஊனமுற்றவர்களும் உண்டு. வெட்டுக் காயங்களில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே, கவசம் இல்லாத இடத்தில்.

துணிக்கு உள்பக்கம் இரும்புத் தகடுகளை ரிவிட் அடித்த சட்டைகள் அங்கே கிடைத்தன. பெங்ட் தோர்டெமான் என்ற தொல்லியலாளர் அவற்றைத் தகடு தகடாக வரைந்து 1939-40இல் நூலாக்கினார். இன்று 'விஸ்பி மாடல்' என்று ஆர்டர் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களே, அதன் அளவுகள் வந்தது அந்தக் குழியிலிருந்து. இதை அறிந்து போடுகிறவர் போரைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் யோசிப்பார் என்று நம்புகிறேன்.

செய்தவர் யார்?

போட்டவர்களைப் பற்றி இவ்வளவு பேசினோம். செய்தவர்கள்?

கவசம் அந்தக் காலத்திலேயே ஏற்றுமதிச் சரக்கு. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் பிராட்டோ ஊர்க்காரர் பிரான்செஸ்கோ தாத்தினி பிழைக்கப் போன இடம் பிரான்சின் அவிஞ்ஞோன். மிலானிலிருந்து கவசமும் ஆயுதமும் தருவித்து விற்றுத்தான் முதல் பணம் பார்த்தார். (வெளியூர் போய் சம்பாதிப்பது அப்போதும் இருந்திருக்கிறது பாருங்கள்!) மிலானில் மிசாலியா குடும்பம் போன்ற பெரிய பட்டறைக்காரர்கள் தங்கள் முத்திரையைத் தகட்டில் அடித்துவிட்டுப் போனதால் அவர்கள் பெயர் நிலைத்தது. அந்தப் பட்டறையில் கம்பி இழுத்தவர், ரிவிட் நசுக்கியவர், தகடு தேய்த்து மெருகு போட்டவர் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

டேராடூன் கதையும் ராணுவத்தில்தான் தொடங்குகிறது. இங்கே கூர்க்கா படைகள் இருந்தன. இரண்டாம் உலகப்போர் சமயம், 1943இல், கூர்க்காக்களுக்குக் குக்ரி கத்தி செய்யத் தொடங்கிய நிறுவனம் விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ். பிற்காலத்தில் அது அணிவகுப்பு வாள், மத்தியகால வாள், கவசம் என்று விரிந்தது. மீரட்டில் தீபீகா என்ற நிறுவனம் ரோமானியத் தலைக்கவசம் முதல் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. மீரட் ஏற்கெனவே கத்தரிக்கோலுக்குப் பேர் போன ஊர். இரும்பு பழகிய கைகள் இருக்கும் இடத்துக்கு ஆர்டர் வருவதில் ஆச்சரியம் இல்லை.

ரிவிட் அடித்த சட்டை மேல்நாட்டில் ஒரு சாதாரண சம்பளக்காரர் வாங்கும் விலையில் கிடைப்பதற்கு ஒரே காரணம், மேலே போட்டோமே அந்த 416 மணி நேரக் கணக்கு. அந்த மணி நேரங்கள் இங்கே மலிவு. மைதானத்தில் கை தட்டு வாங்குவது ஒருவர், விரல் நுனி காய்த்துப் போவது வேறொருவர். அறுநூறு வருடத்துக்கு முன்னாலும் இதே ஏற்பாடுதான். மறுநடிப்பில் மிகத் துல்லியமாக நடிக்கப்படுவது இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு!

ஆனாலும் இந்தப் பொழுதுபோக்கை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வளையத்தைத் தானே நசுக்கிப் பார்த்தவருக்கு, செய்தவரின் அருமை தெரியாமல் போகாது. பாடப் புத்தகம் போர் நடந்த வருஷத்தையும் ஜெயித்த ராஜாவையும் சொல்லும். கம்பியும் குறடும், ராஜாவுக்குப் பின்னால் எத்தனை பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லும்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது சென்னையில் ஒரு நாள் தங்கினால், பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. "இது எந்த ராஜாவுடையது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைச் செய்ய எத்தனை நாள் ஆகியிருக்கும்?"